மலைநாட்டு வானொலியும் வாவிக்கரைக் கதைகளும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். ஏட்டைக் கற்கும் வாய்ப்புப் பெறாதாரும் செவிவழியே அறிவு பெறலாம் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். எழுத்தறிவு பரவாத காலத்தில் நம் முன்னோர் கூத்துக் களரியிலும் கோயில் முன்றிலிலும் இருந்து கதை கேட்டே அறமும் வரலாறும் அறிந்தனர். அக்கேள்விச் செல்வத்தை ஒரே வேளையில் ஆயிரமாயிரம் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் கருவியாக வந்தது வானொலி. ஆயின், கேட்பார் பலராகிய பின்னர், பேசுவார் யார் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு நம் நாட்டின் மலைப்பகுதி ஒன்று தந்த விடையையும், மட்டக்களப்பு வாவியின் மேற்கரையிலுள்ள வவுணதீவு போன்ற ஊர்களுக்கு அவ்விடை உணர்த்துவதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கொழும்பில் ஆரம்பமாயிற்று. இலங்கை வானொலி 1967 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக அமைந்தது. தலைநகரில் இருந்து பேசிய அவ்வானொலி இசைக்கும் நாடகத்துக்கும் மொழிக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் அதன் போக்கு ஒருவழிப் போக்கே. தலைநகர் பேசும், கிராமம் கேட்கும். கிராமத்தான் தன் ஊர்க் குளத்தின் உடைப்பைப் பற்றியோ, தன் பாட்டி சொன்ன கதையைப் பற்றியோ அதிற் பேசுதல் அரிதாயிருந்தது. இக்குறையை நீக்க எழுந்ததே சமூக வானொலி. ஒரு சிறு நிலப்பரப்பிலுள்ள மக்கள், தம் செய்தியையும் கதையையும் பாட்டையும் தம் மொழியில் தாமே ஆக்கித் தமக்குள் ஒலிபரப்பிக் கொள்ளுதல் அதன் இலக்கணமாகும்.

இத்தகைய வானொலி மலைப்பகுதிகளிற் சிறப்பாகத் தேவைப்படுவதற்கு இயற்கைக் காரணம் ஒன்றுண்டு. பண்பலை ஒலிபரப்புக்குரிய அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்பவை. இடையே மலை நிற்குமாயின், ஞாயிற்றின் ஒளிக்கு நிழல் விழுவது போல வானொலிக்கும் மலையின் மறுபுறத்தில் நிழல் விழும். எனவே தொலைவிலுள்ள பெருநிலையத்தின் குரல் பள்ளத்தாக்குகளை எளிதில் அடைவதில்லை. அப்பள்ளத்தாக்கின் உள்ளேயே சிறியதோர் ஒலிபரப்பியை நிறுவினால், அதே மலைகள் அரண்போல் நின்று அக்குரலை அவ்வூர்களுக்கே உரியதாக்கும்.

கொத்மலையில் நிகழ்ந்தது இதுவே. மகாவலிப் பெருந்திட்டத்தின்கீழ்க் குடியேற்றப்பட்ட மக்களுக்கென, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடும் டென்மார்க்கு நாட்டின் நிதியுதவியோடும் 1981 ஆம் ஆண்டில் மகாவலிச் சமூக வானொலியைத் தொடங்கிற்று. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஊர்களுக்குச் சென்று, சில நாள் மக்களோடு தங்கி, அவர்தம் பேச்சையும் பாடலையும் பதிவு செய்தனர். கொத்மலை நீர்த்தேக்கம் 1985 ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது வயலும் வழிபாட்டிடமும் வாழ்மனையும் நீருள் மூழ்கின. மக்களுட் சிலர் மேலுள்ள மலைச்சரிவுகளுக்கும், சிலர் தொலைவிலுள்ள வறண்ட நிலக் குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தனர். ஊர் மூழ்கிய பின்னும் ஊர்க்கதை மூழ்காதிருக்க வேண்டுமாயின், அதனைச் சொல்வாரும் கேட்பாரும் ஒன்றுகூட ஓரிடம் வேண்டும். 1989 ஆம் ஆண்டில் ஆரம்பித்த கொத்மலைச் சமூக வானொலி அத்தகைய இடமாயிற்று. துட்டகைமுனு இளமையில் அம்மலைகளில் மறைந்து வாழ்ந்தான் என்னும் மரபுக்கதையை உடைய மண் அது. அத்தகைய மண்ணில் உழவரும் ஆசிரியரும் இளைஞரும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர்.

பத்தாண்டு செல்வதற்குள் அந்நிலையம் உலகின் கவனத்தை ஈர்த்தது. 1998 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவோடு அங்கு இணையத் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. கணினியைக் கண்டிராத கிராமத்தவர் தம் ஐயங்களை நிலையத்துக்குத் தெரிவிப்பர். அறிவிப்பாளர் இணையத்தில் விடையைத் தேடி, அறிந்தாருடன் உரையாடி, எளிய மொழியில் வானொலியிற் கூறுவர். கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய இடங்களின் பொது நூலகங்களும் அத்தொடர்பைப் பெற்றன. இங்குக் கருதத்தக்கது கருவியின் புதுமையன்று. வினாவைத் தொடுத்தவர் கிராமத்தவர் என்பதே.

கொத்மலையின் சிறப்பைப் போற்றும்போது அதன் குறையையும் மறைத்தல் தகாது. முதலாவது, நிலையத்தின் உரிமை மக்களிடம் இல்லாது கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. நிகழ்ச்சி மக்களுடையதாயினும் கதவின் திறவுகோல் பிறரிடம் இருந்தது எனலாம். இரண்டாவது மொழி. நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை சிங்களத்தில் அமைந்தன. ஆனால் அம்மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் தமிழர். அவர்கள் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடுவோர், சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த மலைநாட்டுப் பாடல்களுக்கு உரியோர். ஒரே மலையில் ஒரே மழையில் நனையும் இரு மக்களுள் ஒரு சாரார் கதையே மிகுதியாய் ஒலித்தது. ஆதலின் ஊர்க்குரல் என்பது, ஊரிலுள்ள எல்லார் குரலும் ஆதல் வேண்டும் என்னும் பாடத்தையும் கொத்மலை நமக்குத் தருகின்றது.

உரிமை பற்றிய வேறுபாட்டைத் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர் தெளிவாகக் காட்டும். கொலம்பியா நாட்டின் சுதாதென்சா என்னும் மலையூரில் 1947 ஆம் ஆண்டு சல்செதோ என்னும் பாதிரியார் ஒரு வானொலியைத் தொடங்கி, உழவருக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். அது ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்பறை போன்றது. பொலிவியா நாட்டின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளரோ, தம் கூலியில் ஒரு பகுதியை ஈந்து தமக்கெனச் சொந்த நிலையங்களை நிறுவினர். அது மக்கள் தாமே கூட்டிய அவை போன்றது. இரண்டும் பயன் விளைத்தவையே. ஆயின் முன்னது அறிவைக் கொடுத்தது. பின்னது அறிவோடு துணிவையும் கொடுத்தது.

நமக்கு அண்மையிலும் சான்றுண்டு. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2006 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்த இடமளித்தது. அதன் பயனாகக் கேரளத்து வயநாட்டு மலைகளில் 2009 ஆம் ஆண்டு 'மாற்றொலி' என்னும் வானொலி எழுந்தது. தமிழருக்கும் பொருள் விளங்கும் அப்பெயர் மிகப் பொருத்தமானது. மலையில் எழுப்பிய குரல் எழுப்பியவனிடமே திரும்பி வருதலன்றோ மாற்றொலி?

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை எனவும், மேற்கரை படுவான்கரை எனவும் வழங்கும். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அதற்கப்பால் வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் சிற்றூர்களும் பரந்து கிடக்கின்றன. இங்கு மலையில்லை, அலையைத் தடுப்பது யாதுமில்லை. ஆயினும் பள்ளத்தாக்கு மக்களைப் போலவே இவ்வூர்களும் நெடுங்காலம் நீரால் ஒதுக்கப்பட்டு நின்றன. கொத்மலை மக்கள் அணையினால் இடம்பெயர்ந்தனர். படுவான்கரை மக்களோ போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர்.

இக்கரையிற் சொல்லத்தக்க கதைகளுக்குப் பஞ்சமில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை விடிய விடிய ஆட்டுவிக்கும் அண்ணாவிமார் உளர். கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை பாடுவார் உளர். 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியைக் கண்ட முதியோர் உளர். குளத்துக்கும் வட்டைக்கும் பெயர் வந்த வரலாற்றை அறிந்தோர் உளர். வி. சீ. கந்தையா 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இம்மரபின் பெரும்பகுதியை ஏட்டில் ஏற்றியது. ஆயினும் அண்ணாவியாரின் குரலையும் மத்தளத்தின் அதிர்வையும் தாளில் ஏற்றுதல் இயலாது. ஒரு முதியவர் மறையுந்தோறும் பதிவுபெறாத ஒரு நூலகம் மறைகின்றது.

கைப்பேசியே பதிவுக்கருவியாகிவிட்ட இந்நாளில் வானொலி எதற்கு என்று ஒருவர் வினவலாம். கைப்பேசியிற் பதிந்த கதை ஒருவர் கையிற் கிடந்து, கருவி பழுதுற்றபோது அழிந்துபோகும். வானொலியோ ஊரார் அனைவரையும் ஒரே நேரத்தில் ஒரே கதைக்குக் காது கொடுக்கச் செய்யும். கேட்ட ஒருவர் மறுநாள் மற்றொருவரோடு அதுபற்றி உரையாடுவார். 'அது அப்படியன்று, இப்படி' என்று மூன்றாமவர் திருத்துவார். கதை வாழ்வது அவ்வுரையாடலிலேதான்.

ஆதலின் வாவிக்கரைக்கு ஒரு சமூக வானொலி அமையுமாயின், அது மூன்று நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். அதன் ஆட்சியில் ஊர் மக்களுக்கு இடமிருத்தல் ஒன்று. மட்டக்களப்புத் தமிழின் வழக்குச்சொற்களை நாணாது வழங்குதலும், அயலிலுள்ள முசுலிம், சிங்கள மக்களின் குரலுக்கும் இடமளித்தலும் இரண்டு. ஒலிபரப்பிய அனைத்தையும் பெயரும் நாளும் குறித்துப் பேணி வைத்தல் மூன்று. உரிமம் பெறுதலும் நிலையம் அமைத்தலும் காலம் எடுக்கும் கருமங்கள். ஆயின் மூன்றாவது நெறியை நம் மாணவர் இன்றே தொடங்கலாம். விடுமுறையிற் பாலங் கடந்து சென்று, ஒரு பாட்டியின் அருகிருந்து, அவர் இசைவுடன் ஒரு கதையைப் பதிவு செய்து கல்லூரி நூலகத்திற் சேர்க்க எவர் உத்தரவும் வேண்டுவதில்லை. நிலையம் எழும் நாளில் ஒலிபரப்பக் குரல்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். குரலுக்குரியார் அதுவரை காத்திரார்.