பட்டினி கிடக்கட்டும், விடுங்கள்

புதிதாகப் பாம்பைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அமெரிக்கர்களுக்கு முதல் வாரத்தில் வரும் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘சாப்பிடமாட்டேன் என்கிறதே!’ எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இல்லாவிட்டால் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடுகிறது. அங்கே வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்புக்கு அந்தப் பெயர் வந்ததே இப்படிச் சுருள்வதால்தான்.

கானா, டோகோ, பெனின் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்கிற பாம்பு இது. நஞ்சு கிடையாது, 3 முதல் 5 அடி நீளம், பரம சாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகூட இருக்கும். 2020-ல் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுச் செய்திகளில் அடிபட்ட பெண் பாம்புக்கு வயது 60-க்கு மேல். தத்துக்கு வருவதற்கு இந்த ஆயுளும் ஒரு காரணம். கல்லூரி நாட்களில் ஆசையாக வாங்கியவர், கல்யாணம், வீடு மாற்றம் என்று வந்ததும் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்.

ஆக, புதிதாக வரும் பாம்பு பல நேரம் வயது முதிர்ந்த, பழக்கம் ஊறிப்போன பாம்பு. சுண்டெலி தின்றே வளர்ந்தது, பெரிய எலியை இரையாகவே மதிக்காது. ஓடுகிற எலியைப் பிடித்துப் பழகியது, உறையவைத்து இளக்கிய எலியைத் திரும்பியும் பார்க்காது. எதைத் தின்றது, எந்த அளவு, கடைசியாக எப்போது என்று முன்பு வளர்த்தவரிடம் கேட்டுவைத்துக்கொண்டால் பாதிக் கவலை குறையும்.

வந்த அன்றைக்கே இரை வைப்பதுதான் பலரும் பாசத்தில் செய்துவிடுகிற காரியம். குறைந்தது ஒரு வாரமாவது இரை வைக்காமல், பாம்பைத் தொடாமல், தூக்காமல், ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து விட்டுவிட வேண்டும். மூன்று வேளை சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியலாம். பாம்பின் வயிறு நடக்கிற விதம் தெரிந்தால் அப்படித் தோன்றாது.

1990-களில் ஸ்டீபன் செக்கோரும் ஜாரெட் டயமண்டும் பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தார்கள். (மனித வரலாறு பற்றிய நூல்களால் பேர்பெற்ற அதே டயமண்ட்தான்.) இரை இல்லாத நாட்களில் இந்தப் பாம்பின் குடல் சுருங்கிக் கிடக்கிறது, வயிற்றில் அமிலம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்த சமையலறை மாதிரி. ஓர் இரை உள்ளே போனதும் நிலைமை தலைகீழ். ஒரு நாளுக்குள் வயிறு கடும் அமிலமாகிறது. ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பருக்கின்றன. மிகப் பெரிய இரையானால் உடலின் ஆக்சிஜன் செலவு 40 மடங்குவரை ஏறுகிறது. இதயமே இரண்டு நாளில் சுமார் 40 சதவீதம் பருக்கிறது என்று 2005-ல் வேறொரு குழு காட்டியது. அந்தப் பருமனைத் தூண்டுபவை ரத்தத்தில் பெருகும் சில கொழுப்பு அமிலங்கள் என்று 2011-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லெயின்வாண்ட் குழு கண்டுபிடித்தது. அந்த அமிலங்களைச் செலுத்தியபோது எலிகளின் இதயமும் வளர்ந்ததாம். செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

இவ்வளவையும் தொடங்கிவைக்க ஆகும் சக்தியைப் பாம்பு முதலில் தன் கையிருப்பிலிருந்து போடுகிறது. புது இடம், புது வாசனை, புதுக் கைகள் என்று மிரண்டிருக்கிற பாம்பு அந்தச் செலவுக்குத் துணியாததில் வியப்பில்லை.

வெப்பமும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25, 26 என்று இருந்தால் பாம்பு தனக்குத் தேவையான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். குளிர்ந்துபோனால் செரிமானம் நின்றுவிடும்; விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும்; கடைசியில் கக்கிவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது என்பதும் கக்காமல் இருப்பதற்காகத்தான். கக்குவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடலின் நீரும் போகும். இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பாதி அளவு இரையோடு மறுபடி தொடங்க வேண்டும். திரும்பவும் கக்கினால் மருத்துவரிடம்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூடக் காரணமாக இருக்கலாம்.

இரையைத் தயார்செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. உறைந்த எலியை இரவு முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, மறுநாள் பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடாக்குகிறார்கள். மைக்ரோவேவ் ஆகாது, உள்ளே வெந்துவிடும். சூடு எதற்கென்றால், இந்தப் பாம்பின் மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகள் வெப்பத்தை ‘பார்க்கின்றன’. உயிரோடு எலியை விடுவதில் ஆபத்து பாம்புக்குத்தான். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

விளக்கைக் குறைத்து, நீண்ட இடுக்கியில் எலியைப் பிடித்துக் காட்டினால், முதலில் நாக்குதான் வேலை செய்கிறது. கழுத்து மெல்ல வளைந்து பின்வாங்கும். அப்புறம் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ச்சல், இரண்டு மூன்று சுற்று. செத்த எலியையும் விடாமல் இறுக்கிவைத்திருக்கும். பிடி தளர்ந்ததும் மூக்கால் தடவித் தடவித் தலைப்பக்கத்தைத் தேடும். தாடை கழன்றுகொள்கிறது என்று சொல்வது தவறு. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் ஒட்டாமல், நெகிழும் தசைநாரால் இணைந்திருப்பதால் இடதும் வலதும் மாறி மாறி நகர்ந்து இரைமேல் ஏறுகின்றன. வாய் நிறைய எலி இருக்கையில் மூச்சுக்குழல் வாய் ஓரமாக வெளியே நீள்கிறது. முடிந்ததும் ஒரு பெரிய கொட்டாவி, தாடை எலும்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள.

உணவு இல்லாவிட்டாலும் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் வேண்டும். பால் அல்ல. நாக பஞ்சமிக்குப் பாலைக் குடித்துக்காட்டும் பாம்புகள் நாட்கணக்கில் தாகத்தில் வாட்டப்பட்டவை; அந்தப் பாலை அவற்றின் குடல் செரிக்காது. இந்தியாவில் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பதை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2022 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் பிடிபடும் குட்டிகள் இந்தக் கணக்கில் வராதவை.

எத்தனை நாள் பட்டினி தாங்கும்? ஆரோக்கியமான பெரிய பந்து மலைப்பாம்பு, குறிப்பாகக் குளிர்காலத்தில், மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும்; குட்டிகளுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. நாட்களை எண்ணுவதைவிடச் சமையலறைத் தராசில் எடை பார்ப்பது மேல். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் போகலாம். முதல் இரை தின்று சில நாள் கழித்து, கரிய கழிவோடு சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக ஒன்று வரும். பயப்பட வேண்டாம், அது திடமான சிறுநீர். எலும்பு கரைந்திருக்கும், மயிர் மட்டும் அப்படியே இருக்கும். அந்தக் கழிவில் கொஞ்சம் சிறு டப்பாவில் எடுத்து, அன்றே மருத்துவரிடம் கொடுத்து ஒட்டுண்ணி உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது.