உலைக்குள்ள ஆட்டுக்கிடா!

மெக்கானிக்கல் படிச்சுக்கிட்டே ரஷ்யன் கிளாஸுக்கும் போற ஆளா நீங்க? அப்படின்னா இதை மொழிபெயர்த்துக் காட்டுங்க பார்ப்போம்: 'பல்கேரியாக்காரியை வெச்சு பைப்பை அறு!'

ரஷ்யப் பட்டறைகள்ல ஆங்கிள் கிரைண்டருக்குப் பேரு 'போல்கார்கா'. அகராதியில பார்த்தா பல்கேரியப் பெண்ணுன்னு இருக்கும். சோவியத் காலத்துல அந்த மெஷின் பல்கேரியாவுல இருந்து வந்து இறங்கினதால ஒட்டிக்கிட்ட பேரு அது.

இரும்பு உலைக்கு அடியில உருகின உலோகம் உறைஞ்சு கட்டியாயிட்டா, அதுக்குப் பேரு 'கஸ்யோல்'. அதாவது ஆட்டுக்கிடா! ஆங்கிலத்துல அதையே ஆடுன்னு எழுதினா சிரிப்பாங்க. அவங்க அதை 'சாலமாண்டர்'னு சொல்றாங்க. பல்லி மாதிரி ஒரு பிராணி. ராட்செட் சக்கரம் பின்னாடி சுத்தாம தடுக்கிற 'பால்' (குடிக்கிற பால் இல்லீங்க!) ரஷ்யன்ல 'சபாச்கா', நாய்க்குட்டி.

இதெல்லாம் தப்பாப் போனா சிரிப்போட முடிஞ்சிடும். நிஜமான ஆப்பு நம்பர்லதான் இருக்கு.

ரஷ்ய டர்னர் 'சோத்கா'ன்னா 0.01 மி.மீ. 'தெஸ்யாத்கா'ன்னா 0.1 மி.மீ., பத்துல ஒரு பங்கு. அப்ப ஆங்கிலத்துல 'டென்த்'னு போட்டுட்டா ஆச்சுன்னு தோணுதா? அமெரிக்க மெஷினிஸ்ட் அங்குலத்துல பேசுற ஆளு. அவருக்கு 'தௌ'ன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு. 'டென்த்'னா அந்தத் தௌவுலயும் பத்துல ஒண்ணு. கணக்குப் போட்டா வெறும் 0.00254 மி.மீ. கிட்டத்தட்ட 40 மடங்கு வித்தியாசம்! ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல 0.1 இடைவெளி கேட்டவருக்கு 0.0025ல செஞ்சு குடுத்தா, ஓட ஓடச் சூடாகி, விரிஞ்சு, இறுகிப் பிடிச்சுக்கும்.

அதனால விவரமான மொழிபெயர்ப்பாளர் இங்க ஸ்லாங்குக்கு ஸ்லாங் தேட மாட்டார். '0.1 மி.மீ.'னு எண்ணும் யூனிட்டுமா எழுதிட்டு, டிராயிங்கோட ஒத்துப் பார்த்துக்குவார்.

அகராதி காலை வாரி விடுற இன்னொரு இடம், 'பபெதித்'. ரஷ்யன்ல இதே வார்த்தைக்கு 'ஜெயிப்பான்'னும் அர்த்தம். ஆனா பட்டறையில அது 1929ல சோவியத்துல உருவான டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் கலவை. சுவர்ல துளை போடுற டிரில் பிட் முனையில இருக்குமே, அந்த ரகம். ஆங்கிலத்துல 'கார்பைடு டிப்டு'ன்னு எழுதினா போதும்.

அப்புறம் இந்த கனெக்டர் விஷயம். முள் நீட்டிக்கிட்டு இருக்கிறது 'பாப்பா', துளை இருக்கிறது 'மாமா'. ரஷ்யன்ல பாப்பான்னா அப்பா, மாமான்னா அம்மா. நம்ம ஊரு ஞாபகத்துல 'அங்கிள் கனெக்டர்'னு எழுதி வெச்சிடாதீங்க!