குரல் ஏன் உடைகிறது?

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, பள்ளியில் தினமும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவன் நான். ஒரு நாள் பாதிப் பாட்டில் குரல் திடீரென்று கீழே விழுந்து, மறுகணம் கீச்சென்று மேலே ஏறியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் பல மாதங்கள் வகுப்பில் பாடம் வாசிக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை. தொண்டையில் ஏதோ நோய் என்றே நினைத்திருந்தேன். 'இது மகரக்கட்டு, பையன்களுக்கு வருவதுதான்' என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பழைய நாடகக்காரர்களுக்கு இச்சொல் நன்றாகத் தெரியும். சிறுவர்களே நடித்த 'பாய்ஸ் கம்பெனி'களில், மகரக்கட்டு வந்த பையனின் பாட்டு வேடம் வேறொருவனுக்குப் போய்விடும்!

மாணவர்களே, சோனாமீட்டரில் கம்பியின் நீளத்தைக் கூட்டினால் அதிர்வெண் குறைகிறது. அதே இழுவிசையில் தடித்த கம்பியை மாட்டினால் இன்னும் குறைகிறது அல்லவா? நம் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. நாண் என்று பெயரே தவிர, அவை சவ்வு போர்த்த தசை மடிப்புகள். ஆயினும் இந்த விதி அவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்.

பருவமடையும் வயதில் பையன்களின் விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் குரல்வளை முன்பக்கமாக வளர்கிறது. கழுத்தில் துருத்தித் தெரியும் முடிச்சு அதுதான். உள்ளே நாண்களும் நீண்டு தடிக்கின்றன. வளர்ந்த ஆணுக்கு அவற்றின் நீளம் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர். வினாடிக்குச் சுமார் 250 முறை அதிர்ந்த குரல் 125 முறை அளவுக்கு இறங்குகிறது. பாட்டுக்காரர் கணக்கில் ஒரு ஸ்தாயி! பெண்களுக்கும் நாண்கள் வளர்கின்றன. ஆனால் குரல் இரண்டு மூன்று சுரமே இறங்குவதால் யாரும் கவனிப்பதில்லை.

சரி, கீச்சிடுவது ஏன்? நாணை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதை மூளை பழைய சிறிய நாணுக்காகக் கற்று வைத்திருக்கிறது. நாண் மாறியபின் அந்தக் கணக்கு தவறுகிறது. முழுத் தடிமனோடு அதிர வேண்டிய நாண், திடீரென்று ஓரத்தில் மட்டும் அதிரத் தொடங்குகிறது. உடனே கீச்சுக் குரல்! மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

அந்த நாட்களில் தாழ்ந்த குரலில் பேசலாம், பாடலாம். கத்துவதும் எட்டாத சுரத்துக்கு முயல்வதும்தான் கூடாது. பதினேழு வயதாகியும் கீச்சுக் குரல் மாறாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே சரியாகிவிடும். எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் குரல் நிலைத்தது. அதற்குள் வாழ்த்துப் பாட வேறொருவன் வந்திருந்தான். அவனுக்கும் அந்த ஆண்டே குரல் உடைந்தது. இம்முறை வகுப்பில் எழுந்து காரணம் சொன்னவன் நான்.