உப்பு எங்கே போனது?

பொருளின் மூன்று நிலைகளைப் பனிக்கட்டியில் தொடங்கிக் கற்பிப்பது வழக்கம். பாக் நீரிணைக் கரையிலுள்ள மீமிசலில் கடல்நீரில் தொடங்குவதே சரி என்பேன். பனிக்கட்டியை மட்டுமே பார்க்கும் குழந்தை, திண்மம் என்றால் குளிர்ச்சி, ஆவியாக வேண்டுமென்றால் கொதிக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடும். கடல்நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் இரண்டும் தவறென்று தெரியும். 100 டிகிரி செல்சியஸுக்கு வெகு கீழேயே நீர் ஆவியாகிறது. ஏனெனில் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் வேகம் மிகுந்தவை, அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பை மீறி வெளியேறுகின்றன. உப்பின் அயனிகளால் அது முடியாது. உப்பு உருகவே சுமார் 801 டிகிரி வேண்டும். அதனால் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் தட்டிலேயே தங்கிவிடுகின்றன.

கடல்நீர் ஒரு கலவை, நிலைமாற்றத்தோடு கரைசலையும் சேர்த்தால் குழந்தை குழம்பாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குழப்பம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நீரில் கரைந்த சர்க்கரை இல்லாமலே போய்விட்டதாகச் சிறு குழந்தைகள் நினைப்பதை உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1941இல் வெளியான நூலில் பதிவுசெய்தனர். உப்புநீரை நாவில் வைத்துப் பார்த்தால் உப்பு இருப்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. அதற்குத் தராசு வேண்டும். 100 கிராம் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால் 110 கிராம். நீர் முழுதும் வற்றினால் அதே 10 கிராம். இந்தக் கணக்கைக் குழந்தையே எடைபோட்டுக் காண வேண்டும், நாம் சொல்லிவிடக் கூடாது. அடுத்த கேள்வி தானாக வரும்: வேதாரண்யம் உப்பளத்தில் ஏன் எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை? நீர் வற்ற வற்ற, சமையல் உப்புக்கு முன்பே ஜிப்சம் பிரிகிறது. மெக்னீசிய உப்புகள் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கரையும் எல்லை வேறு.