அரங்கத்துக்காக மாறிய ஆட்டம்

சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கத்தில் காற்பந்துக்கு ஒரு விதமாகவும் திடல்தடப் போட்டிகளுக்கு வேறு விதமாகவும் கீழடுக்கு இருக்கைகளை நகர்த்துவார்கள். அங்கே ஆட்டத்துக்கு ஏற்ப அரங்கம் மாறும். அரங்கத்துக்கு ஏற்ப ஆட்டம் மாறிய கதையும் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹார்வர்ட் பல்கலைக்கழக விளையாட்டரங்கம். 1903ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டங்களைப் பெரும்பாலும் மரப்படிகளில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். மரம் உளுத்துப்போகும், தீப்பிடிக்கும். 1879ல் பட்டம் பெற்ற முன்னாள் மாணவர்கள் 100,000 டாலர் நன்கொடை அளித்ததும், நிலையான அரங்கம் கட்டும் வேலை தொடங்கியது.

பொறியியல் பேராசிரியர் லூயிஸ் ஜான்சன் இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட்டை நம்பினார். இன்று நம் வீவக வீடுகள் நிற்பது அதில்தான். ஆனால், அன்று இத்தனை பெரிய விளையாட்டரங்கத்துக்கு அது புதிது. பாஸ்டன் குளிரைத் தாங்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தனர். பழைய கிரேக்க அரங்கங்களைப்போல, ஒரு பக்கம் திறந்த குதிரை லாட வடிவில் படிகள் எழுந்தன. மேலே சுற்றிவரும் தூண் வரிசை 1910ல் சேர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. அமெரிக்கக் காற்பந்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். முன்பக்கமாக வீச அப்போது அனுமதி இல்லை. அதனால் இரு அணியினரும் கூட்டமாக முட்டி மோதினர். 1905 பருவத்தில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். ஹார்வர்டில் படித்தவரான அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பயிற்றுநர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். இந்த ஆட்டமே வேண்டாம் என்ற குரலும் எழுந்தது.

நெரிசலைக் குறைக்கத் திடலை 40 அடி அகலப்படுத்தலாம் என்பது ஒரு யோசனை. மரப்படி என்றால் பிரித்துத் தள்ளி வைக்கலாம். புத்தம்புதுக் கான்கிரீட்டை என்ன செய்வது? ஹார்வர்டில் அதற்கு இடமில்லை. அகலப்படுத்தும் யோசனை கைவிடப்பட இதுவும் முக்கியக் காரணம். 1906ல் பந்தை முன்னோக்கி வீச அனுமதித்தனர். மரணங்கள் உடனே நின்றுவிடவில்லை, விதிகளை மேலும் திருத்தவேண்டியிருந்தது. ஆனாலும், ஆட்டம் வேறு பாதையில் திரும்பிவிட்டது.

அதே 1906ல் அங்கே கிரேக்க நாடகம் ‘அகமெம்னான்’ அரங்கேறியது. 1969ல் மாணவர் போராட்டத்தின்போது பெருங்கூட்டம் கூடியது. 1970ல் பாடகி ஜேனிஸ் ஜோப்ளின் பாடினார். 1984 ஒலிம்பிக்கில் நமக்குப் பழக்கமான காற்பந்தும் அங்கு நடந்தது. 1929ல் திறந்த பக்கத்தில் எஃகு இருக்கைகளைப் போட்டு 57,000 பேர் உட்கார இடம் செய்தார்கள். 1951ல் அவற்றை எடுத்துவிட்டதால் இப்போது சுமார் 30,000 பேருக்குத்தான் இடம். 1987ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

தொலைக்காட்சியில் அமெரிக்கக் காற்பந்து பார்க்க வாய்த்தால், பந்து வீரர்களின் தலைக்குமேல் நெடுந்தூரம் பறந்துபோய் ஒருவர் கையில் விழுவதைக் கவனியுங்கள். இடம் கொடுக்காத அந்தக் கான்கிரீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.