புரதம் எப்படி மடிகிறது?

அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். உயிரணுக்கள் இதற்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 20 வகை அமினோ அமிலங்களைத்தான். கோத்து முடித்ததும் சங்கிலி தனக்கே உரிய முப்பரிமாண வடிவத்துக்கு மடிகிறது. பெரும்பாலான புரதங்கள் அந்த வடிவத்தை எட்டிய பிறகே வேலை செய்யத் தொடங்குகின்றன.

மடியும் விதத்தைப் புரதத்துக்குச் சொல்லிக்கொடுப்பது எது? அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். 124 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த நொதியின் மடிப்பை யூரியா முதலிய வேதிப்பொருள்களால் முழுவதும் பிரித்தார், அது செயலிழந்தது. அந்தப் பொருள்களை அகற்றியதும் அது தானாகவே மடிந்து மீண்டும் செயல்பட்டது. அதிலுள்ள எட்டு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாக இணைய 105 வழிகள் உண்டு. நொதி சரியான ஒன்றையே தேர்ந்தது. வடிவத்துக்கான செய்தி அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்பது இதனால் உறுதியானது. 1972-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சங்கிலி நினைத்தபடியெல்லாம் வளைந்துவிட முடியாது. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முதன்மையாக இரண்டு பிணைப்புகளே சுழலக்கூடியவை. அந்தச் சுழற்சிக் கோணங்களில் பெரும்பாலானவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எந்தக் கோணங்கள் சாத்தியம் என்பதை ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டனர். 'ராமச்சந்திரன் வரைபடம்' எனப்படும் அதைக் கொண்டுதான் புதிய புரத வடிவங்கள் சரியா என்று உலகெங்கும் இன்றும் சோதிக்கிறார்கள்.

மடிப்பை முன்னின்று நடத்துவது தண்ணீர். சில அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் எண்ணெய்த் தன்மை உடையவை. அவற்றைச் சூழும் நீர் மூலக்கூறுகள் விருப்பம்போல் திரும்பும் சுதந்திரத்தை இழக்கின்றன. அந்தக் கிளைகள் உள்ளே ஒன்றுகூடி ஒதுங்கினால் நீர் மூலக்கூறுகள் விடுபடுகின்றன. மொத்தத்தில் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகளும் மின்னூட்ட ஈர்ப்பும் நெருங்கி அமரும் அணுக்களின் கவர்ச்சியும் இதற்குத் துணை நிற்கின்றன. நீண்டு அலையும் சங்கிலியின் சொந்தச் சுதந்திரம் மட்டும் எதிர்த்திசையில் இழுக்கிறது.

இந்த இழுபறியில் மடிந்த நிலைக்குக் கிடைக்கும் சாதகம் மிகச் சிறியது: பொதுவாக மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரி. ஒரேயொரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்கவே சுமார் 80 கிலோகலோரி வேண்டும். அதனால்தான் முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்குகிறது. அப்போது சங்கிலிகள் அறுவதில்லை. மடிப்பு குலைந்து, வெளிப்பட்ட எண்ணெய்ப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

மடிவதன் வேகம் வேறொரு புதிர். 1969-இல் ஆய்வாளர் சைரஸ் லெவிந்தால் இதை எழுப்பினார். 100 அமினோ அமிலங்களுக்குத் தலா மூன்று நிலைகள் என்று கொண்டாலும் மொத்த வடிவங்களின் எண்ணிக்கை 48 இலக்கங்களைத் தொடும். ஒவ்வொன்றாக முயன்றால் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. சிறு புரதங்களோ நொடிக்கும் குறைவான நேரத்தில் மடிந்துவிடுகின்றன. சங்கிலி குருட்டாம்போக்கில் தேடுவதில்லை என்பதே இதற்கு விளக்கம். ஆற்றல் நிலைகள் புனலின் சரிவுபோல் அமைந்திருப்பதால், எந்த இடத்தில் தொடங்கினாலும் சங்கிலி ஆற்றல் குறைந்த அடிப்பகுதியை நோக்கியே இறங்குகிறது.

மடிந்த நிலையின் சாதகம் சிறியதாக இருப்பது புரதத்தின் வேலைக்கும் உதவுகிறது. இறுகிப்போகாத வடிவம் தேவைக்கேற்ப அசையும். ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளில் ஒன்று ஆக்சிஜனைப் பற்றியதும் மற்றவற்றின் அமைப்பும் மாறி, அடுத்த மூலக்கூறைப் பற்றுவது எளிதாகிறது. இதனால் அது நுரையீரலில் ஆக்சிஜனை நிறைய ஏற்றிக்கொண்டு திசுக்களில் தாராளமாக விடுகிறது.

சிறு மாற்றமும் ஆபத்தாகலாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் எண்ணெய்த் தன்மையுள்ள வேலின் வந்தால், ஆக்சிஜனை இழந்த மூலக்கூறுகள் இழைகளாக ஒட்டிச் சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கின்றன. தவறாக மடிந்த புரதங்கள் திரள்வது அல்சைமர் போன்ற நோய்களிலும் காணப்படுகிறது. இத்தகைய திரளலைத் தடுக்க உயிரணுவில் தனித் துணைப் புரதங்கள் இருக்கின்றன.

2020-இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், வரிசையை வைத்தே பல புரதங்களின் வடிவத்தை ஆய்வக அளவீட்டுக்கு நெருக்கமாகக் கணித்தது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபலை டேவிட் பேக்கருடன் பகிர்ந்துகொண்டனர். அந்த நிரல் தருவது முடிவு வடிவத்தை மட்டுமே. சங்கிலி எந்தப் பாதையில் மடிகிறது, மடிந்தபின் எப்படி அசைந்து வேலை செய்கிறது என்பவற்றை அறிய ஆய்வகச் சோதனைகளும் இயற்பியல் விதிகளின்படி அணுக்களை இயக்கிப் பார்க்கும் கணினி மாதிரிகளும் தேவைப்படுகின்றன.