மூலமா, புராஸ்டேட் வீக்கமா?

ஆசனவாயின் ரத்தக்குழாய்த் திரள்கள் புடைத்துச் சரிவது மூலம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி பருப்பது புராஸ்டேட் வீக்கம். மூலம் ஆண், பெண் இருபாலருக்கும் வரும். புராஸ்டேட் வீக்கம் ஆண்களுக்கு மட்டும், பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் தொல்லை தரும். மலக்குடலின் முன்சுவரை ஒட்டியே புராஸ்டேட் இருப்பதால் அடியில் கனம், உறுத்தல், முக்க வேண்டிய நிலை ஆகியவை இரண்டிலும் தோன்றலாம்.

குறுவை, சம்பா, தாளடி என்று வயலிலேயே நாள் கழியும் தஞ்சை வட்டாரத்தில் இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் ‘உடம்புச் சூடு’ என்றே பெயர். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்கு மலம் இறுகுவதும் நீர்க்கடுப்பு வருவதும் உண்மைதான். மோரும் இளநீரும் அதற்கு நல்லவை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து.

மூலத்தின் முக்கிய அடையாளம் ரத்தம். மலம் கழிக்கும்போது செக்கச்செவேலென்று சொட்டும், அல்லது மலத்தின் மேல் படிந்திருக்கும். உள்மூலம் தோன்றும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் பெரும்பாலும் வலிக்காது. முக்கும்போது வெளியே தள்ளும் சதை முதலில் தானே உள்ளே போகும்; பிறகு விரலால் தள்ள வேண்டிவரும்; முற்றினால் உள்ளே போகாது. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால் மட்டும் திடீரென்று நீலக் கட்டியும் கடும் வலியும் வரும். மலம் கழிக்கும்போது அறுப்பதாக வலித்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு.

புராஸ்டேட் வீக்கத்தில் மலத்தோடு ரத்தம் வராது. தொல்லையெல்லாம் ஒன்றுக்குப் போவதில்தான். போய் நின்றாலும் சிறுநீர் வர நேரமாகும். வந்தாலும் தாரை மெலிந்து விட்டுவிட்டு வரும். முடிந்த பிறகும் சொட்டும். இரவில் பலமுறை எழுப்பும். சர்க்கரை நோயும் இரவில் எழுப்பும்; ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் சிறுநீர் நிறையப் போகும். சுரப்பி எவ்வளவு பருத்தாலும் ஆசனவாய் வழியே வெளியே தள்ளாது. அங்கே கைக்குத் தட்டுப்படும் சதை புராஸ்டேட் அல்ல.

இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். சிறுநீருக்காக நாள்தோறும் முக்குவது மூலத்தை வளர்க்கும். மலம் இறுகி அடைத்தால் சிறுநீரும் தடைபடும்.

இரண்டுக்கும் தொடக்கப் பரிசோதனை ஒன்றே. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையுறை மாட்டி ஜெல் தடவிய ஒரு விரலால் மருத்துவர் மலக்குடலுக்குள் தொட்டுப் பார்ப்பார். சற்றுநேர வேலைதான். வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடுவதுபோல் வருந்தத்தக்கது வேறில்லை. சுரப்பி வழவழப்பாகப் பருத்திருந்தால் சாதாரண வீக்கமாக இருக்கும். கெட்டியாகவோ கரடுமுரடாகவோ இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகத்தில் மேற்கொண்டு சோதிப்பார்கள். உள்மூலம் மெத்தென்று அமுங்குவதால் விரலுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. ப்ராக்டோஸ்கோப் என்ற சிறு குழாய் வைத்துப் பார்க்க வேண்டும். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேன் காட்டும்.

சித்த மருத்துவமும் இவற்றை ஒன்றாக்கவில்லை. யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை மட்டுமே 21 வகையாகப் பிரிக்கிறது. நீரடைப்பு வேறு நோய். மூலத்துக்கான கருணைக்கிழங்கு லேகியத்தைச் சிறுநீர்த் தடைக்குச் சாப்பிடுவதில் பொருளில்லை.

நடுவயதைக் கடந்தவருக்கு மலத்தில் ரத்தம் வந்தால், ஏற்கெனவே மூலம் இருந்தாலும், குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மலங்கழிக்கும் வழக்கம் மாறுவதும், எடை குறைவதும், சோகை பிடிப்பதும் சேர்ந்தால் தாமதம் கூடாது. புராஸ்டேட் வீங்கியவர் கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளே சிறுநீரை அடைத்துவிடும். அடிவயிறு உப்பி, முட்டியும் ஒரு சொட்டு வராவிட்டால் அது அவசர நிலை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். அங்கே ரப்பர் குழாய் செருகிச் சிறுநீரை வடித்துவிட்ட பிறகே காரணத்தை ஆராய்வார்கள்.